எம்.பார்ம் பார்மகாலஜிக்குப் (மருந்தியல் முதுகலைப் படிப்பு) பிறகு எந்த வேலை: மருந்துக் கண்காணிப்பா, நச்சியல் ஆய்வகமா?

மருந்துக் கண்காணிப்பு, அதாவது பார்மகோவிஜிலன்ஸ், மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்து கவனிப்பது; பெரும்பாலும் கணினி வேலை. மாத்திரை சாப்பிட்டு யாருக்கோ உடம்பெல்லாம் தடித்தது என்று தகவல் வரும். நோயாளி யார், சொன்னது யார், எந்த மருந்து, என்ன விளைவு என்ற நான்கும் இருந்தால்தான் அது கணக்கில் சேரும். ஆங்கிலத்தில் தெளிவாக எழுத வர வேண்டும். சில இடங்களில் இரவு ஷிப்டும் உண்டு.

நச்சியலில், அதாவது மருந்தின் நச்சுத்தன்மையைச் சோதிக்கும் துறையில், கை அழுக்காகும். புதிய மருந்தை எலிகளுக்கு 28 நாளோ 90 நாளோ கொடுத்து, எடை பார்த்து, ரத்தம் எடுத்து, கடைசியில் ஈரலையும் சிறுநீரகத்தையும் வெட்டிப் பார்ப்பார்கள். எலியைப் பிடிக்கத் தயங்குபவர்களுக்கு இது சரிப்படாது. ஆனால் பூச்சிமருந்துக் கம்பெனிகளுக்கும் இதே சோதனைகள் தேவை என்பதால், மருந்துக் கம்பெனிகளுக்கு வெளியேயும் வேலை உண்டு. ஆராய்ச்சி ஆசை இருந்தால் லக்னோவில் இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. என் ஓட்டு நச்சியலுக்குத்தான்.