'ஐ5' என்று மட்டும் கேட்டு லேப்டாப் வாங்காதீர்கள்

போன மாதம் தங்கைக்கு லேப்டாப் வாங்கப் போய் ஏமாந்தேன். அவள் எம்.எஸ்சி. படிக்கிறாள். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் ஒரே ஒரு பிளக் பாயின்ட்தான். அதனால் கடையில் நான் கேட்டது ஒன்றுதான்: காலையில் கழற்றினால் சாயங்காலம் வரை சார்ஜ் நிற்க வேண்டும். இன்டெலின் ஐ5-1235யு என்று சிப்பின் (லேப்டாப்பின் மூளையான பிராசஸரின்) பெயரைச் சீட்டில் எழுதியே கொண்டுபோனேன்.

"அது ஸ்டாக் இல்லை சார். இதுவும் அதே ஐ5, அதே 12-வது ஜென் (தலைமுறை). எட்டு மணி நேரம் தாராளமா வரும்" என்று வேறொன்றை எடுத்து வைத்தார்கள். கீபோர்டுக்குக் கீழே இருந்த ஸ்டிக்கரிலும் ஐ5 என்று மட்டுமே இருந்தது. நம்பிப் பணத்தைக் கட்டிவிட்டேன்.

முதல் நாள் மதியம் பன்னிரண்டரைக்கே தங்கை கூப்பிட்டாள். "அண்ணா, 9 பர்சென்ட்தான் இருக்கு." ஒன்பதரைக்குத் திறந்தது. நோட்ஸ் அடித்தாள், பிரவுசரில் நாலு பக்கம் திறந்திருந்தாள், அவ்வளவுதான்.

ராத்திரி விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் பார்த்தேன். 12450எச்! அந்தக் கடைசி எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 1235யு-வுக்கு இன்டெல் சொல்லும் அடிப்படை மின் அளவு 15 வாட், டர்போவில், அதாவது முழு வேகத்தில் ஓடும்போது, 55 வரை. 12450எச்-சுக்கு 45 வாட், டர்போவில் 95 வரை. சும்மா இருக்கும்போது இரண்டுமே கொஞ்சமாகத்தான் இழுக்கும். ஆனால் வேலை வரும்போதெல்லாம் எச் எகிறிவிடும், ஃபேனும் இரைய ஆரம்பிக்கும். இதில் தனி கிராபிக்ஸ் சிப் வேறு, அதுவும் மின்சாரம் இழுக்கும்.

பேட்டரி ரிப்போர்ட்டும் எடுத்துப் பார்த்தேன். பேட்டரி தாங்கும் மின்சாரம் 42 வாட்-அவர், அதில் குறையே இல்லை. கணக்கு எளிது: சராசரியாக 14 வாட் இழுத்தால் 42 மூன்று மணி நேரத்தில் தீரும். 6 வாட்டில் ஓடினால் ஏழு மணி நேரம் வரும்.

கடைக்குத் திரும்பப் போனேன். "எச் இன்னும் பவர்ஃபுல் சார், உங்களுக்கு லாபம்தான். பாக்ஸ் பிரிச்சாச்சு, திரும்ப எடுக்க முடியாது" என்றார்கள். பில்லில் 'ஐ5 12ஜென் 16/512' (16 ஜிபி ரேம், 512 ஜிபி ஸ்டோரேஜ்) என்று மட்டும் எழுதியிருந்தார்கள். எட்டு மணி நேரம் என்று சொன்னதற்கு என் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. எனக்கு வயிறு எரிந்தது அங்கேதான்.

எச் மோசமான சிப் இல்லை. வீடியோ எடிட்டிங், கேம் என்று பிளக் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு அதுதான் சரி. வகுப்புக்கும் பஸ்ஸுக்கும் தூக்கிக்கொண்டு அலைபவர்களுக்கு யு. ஏஎம்டி ரைசனிலும் யு, எச்எஸ் என்று பின்னெழுத்து உண்டு. இன்டெலின் அல்ட்ரா வரிசையில் எண்கள் வேறு. அல்ட்ரா 5 125எச்-சுக்கு அடிப்படை 28 வாட்தான். அதனால் எழுத்தோடு வாட்டையும் பேட்டரியின் வாட்-அவரையும் சேர்த்துப் பாருங்கள். பெட்டியைப் பிரிக்கும் முன்பே சிப்பின் முழுப்பெயரைப் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

தங்கை இப்போது சார்ஜரையும் சுமந்துகொண்டு போய், அந்த ஒரு பிளக் பக்கத்தில் கடைசி பெஞ்சில் உட்காருகிறாள்.