சங்கிலி விதி: யு வைப்பதா, உரிப்பதா, முதலிலேயே மாற்றிவிடுவதா?

காஸ்³(4எக்ஸ்). இப்படி ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் சார்பை அடுக்கடுக்காக வகையிட்டுப் பெருக்குவதுதான் சங்கிலி விதி. இதை வகையிடச் சொன்னால் மூன்று பேர் மூன்று வழியில் போவார்கள். ஒருவர் உள்ளே இருப்பதற்கெல்லாம் யு, வி என்று பெயர் வைத்து, தனித்தனியாக வகையிட்டுப் பெருக்குவார். இன்னொருவர் வெளியிலிருந்து ஒவ்வொரு அடுக்காக உரித்துக்கொண்டே போய் ஒரே வரியில் விடையை எழுதிவிடுவார். மூன்றாமவர் முற்றொருமையை (எக்ஸ் எதுவானாலும் பொருந்தும் சமன்பாட்டை) போட்டு படியைக் குறைத்த பிறகுதான் வகையிடவே ஆரம்பிப்பார். மூன்றும் சரி, விடையும் ஒன்றுதான். ஆனால் தப்பு நடக்கும் இடம் மூன்றிலும் வேறு வேறு, அதனால் ஒரே முறையைப் பிடித்துக்கொண்டு எல்லாக் கணக்கையும் போடாதீர்கள்.

யு வைக்கும் முறையை முதலில் பார்ப்போம். ஒய் = யு³, யு = காஸ் வி, வி = 4எக்ஸ். வகையிட்டால் முறையே 3யு², −சைன் வி, 4. மூன்றையும் பெருக்கி, யு, வி இருந்த இடங்களில் பழையதைத் திரும்பப் போட்டால் −12 காஸ்²(4எக்ஸ்) சைன்(4எக்ஸ்). காஸை வகையிடும்போது வரும் அந்த மைனஸுக்கு இங்கே தனி வரி கிடைக்கிறது, அதுதான் இந்த முறையின் பெரிய பலம். குறியைத் தவறவிடுவது யாருக்கும் நடக்கும். சங்கிலி விதியைக் கணித மேதை லைப்னிட்ஸ் முதன்முதலில் குறிப்பிட்ட 1676 குறிப்பிலேயே கணக்கில் ஒரு குறிப் பிழை இருந்தது! டிஒய்/டிஎக்ஸ் என்று நாம் எழுதும் முறையைத் தந்தவரும் அவர்தான், யு முறை அந்த எழுத்து முறையோடு அப்படியே ஒட்டிப்போகிறது. குறை என்னவென்றால் நேரம் பிடிக்கும், அப்புறம் கடைசியில் யு, வியை மாற்ற மறந்து −12யு² சைன் வி என்றே விட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள்.

உரிக்கும் முறைதான் நான் தினமும் பயன்படுத்துவது. ஆனால் இதில் ஒரு ஒழுங்கு வேண்டும்: ஒரு நேரத்தில் ஒரு அடுக்கை மட்டும் தொட வேண்டும், உள்ளே இருப்பதை அப்படியே நகல் எடுக்க வேண்டும். சைன்(சைன் எக்ஸ்) என்று கொடுத்துப் பாருங்கள், அவசரத்தில் காஸ்(காஸ் எக்ஸ்) என்று எழுதுபவர்கள் ஏராளம். வெளியையும் உள்ளேயும் ஒரே அடியில் வகையிட்டுவிட்டார்கள். சரியான விடை காஸ்(சைன் எக்ஸ்) × காஸ் எக்ஸ். சந்தேகம் வந்தால் எக்ஸுக்கு 0 போடுங்கள்: சரியான விடை 1 தரும், தப்பான விடை காஸ் 1, அதாவது சுமார் 0.54 தரும். 0-க்கு மிக அருகில் சைன் எக்ஸும் எக்ஸும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் சைன்(சைன் எக்ஸ்)-உம் கிட்டத்தட்ட எக்ஸ்தான், ஆகவே சாய்வு 1 வந்தே ஆக வேண்டும்.

இன்னொரு வம்பு எழுத்து முறையிலேயே இருக்கிறது. சைன்³(5எக்ஸ்) என்று எழுதும்போது அடுக்குக்குறி நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது, பார்ப்பவருக்கு வெளியே இருப்பது சைன் என்றே தோன்றும். உண்மையில் வெளியே இருப்பது மும்மடி. (சைன் 5எக்ஸ்)³ என்று முதலில் மாற்றி எழுதுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். சைன்² எக்ஸும் சைன்(எக்ஸ்²)-உம் ஒன்று போலத் தெரிவதும் இதனால்தான். முதலாவதன் வகைக்கெழு 2 சைன் எக்ஸ் காஸ் எக்ஸ், இரண்டாவதன் வகைக்கெழு 2எக்ஸ் காஸ்(எக்ஸ்²), இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

சைன்² எக்ஸைப் பெருக்கல் விதியால் போடலாமே என்பார்கள். போடலாம், இருமடிக்கு மட்டும். ஏழாம் படிக்கு அதை முயன்றால் பக்கம் நிறைந்துவிடும்.

சரி, மூன்றாவது முறை. சைன்⁴ எக்ஸை உரித்தால் ஒரே வரியில் 4 சைன்³ எக்ஸ் காஸ் எக்ஸ், அங்கே முற்றொருமைக்கு வேலையே இல்லை. ஆனால் பத்தாவது வகைக்கெழு கேட்டால்? உரித்துக்கொண்டே போனால் இரண்டாவது அடியிலேயே பெருக்கல் விதி வந்து சேரும், பத்தாவதுக்குள் உறுப்புகள் பெருகிக் கை வலித்துவிடும். மாறாக (3 − 4 காஸ் 2எக்ஸ் + காஸ் 4எக்ஸ்)/8 என்று முதலிலேயே மாற்றிக்கொண்டால், ஒவ்வொரு முறையும் 2-ஆலும் 4-ஆலும் பெருக்குவதுதான் வேலை: 512 காஸ் 2எக்ஸ் − 131072 காஸ் 4எக்ஸ். இந்த இடத்தில் மற்ற இரண்டும் பக்கத்தில்கூட வர முடியாது.

இன்வர்ஸ் சார்புகளிலும் (சைன், டேன் மதிப்பைக் கொடுத்தால் கோணத்தைத் தருபவை) இதே கதைதான். டேன் இன்வர்ஸ்((1+எக்ஸ்)/(1−எக்ஸ்)) என்பதை நேராக வகையிட்டால் வகுத்தல் விதி, வர்க்கம், சுருக்கல் என்று அரைப் பக்கம் போகும். 45 பாகையையும் டேன் இன்வர்ஸ் எக்ஸையும் கூட்டினால் வருவது இதுதான் என்று கண்டுபிடித்துவிட்டால் (எக்ஸ் 1-ஐத் தாண்டினால் மாறிலி மட்டும் மாறும், வகைக்கெழு மாறாது) விடை உடனே 1/(1+எக்ஸ்²).

இந்தச் சுகத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. சைன் இன்வர்ஸ்(2எக்ஸ்/(1+எக்ஸ்²)) வந்தவுடன் எக்ஸை டேன் தீட்டா என்று வைத்து, உள்ளே சைன் 2தீட்டா வருவதைப் பார்த்து, சார்பே 2 டேன் இன்வர்ஸ் எக்ஸ்தான் என்று முடிவுகட்டி 2/(1+எக்ஸ்²) என்று எழுதிவிடுகிறோம். எக்ஸ் −1-க்கும் 1-க்கும் நடுவில் இருக்கும்வரைதான் அது சரி. எக்ஸுக்கு √3 போடுங்கள்: உள்ளே √3/2 வரும், சைன் இன்வர்ஸ் தருவது 60 பாகை, ஆனால் 2 டேன் இன்வர்ஸ் √3 என்பது 120 பாகை. சார்பே வேறாகிவிட்டது, அங்கே வகைக்கெழு +1/2 அல்ல, −1/2.

இதையே சங்கிலி விதியால் நேராகப் போட்டால், வர்க்கமூலத்தை எடுக்கும் அடியில் |1−எக்ஸ்²| என்று மாடுலஸ் (மைனஸ் குறியை நீக்கிய மதிப்பு) வந்து நிற்கும். அதைக் கழற்றும்போது எக்ஸ் எந்தப் பக்கம் என்று கேட்காமல் மேலே போகவே முடியாது. அதனால் இன்வர்ஸ் கணக்கில் எக்ஸின் எல்லை கொடுக்கப்படவில்லை என்றால், அரைப் பக்கம் ஆனாலும் பரவாயில்லை என்று நான் நேராக உரித்துத்தான் போடுகிறேன்.