வீட்டுக்கே வந்து டர்ன்டேபிள் செட் செய்து தருகிறோம் என்பவர்களிடம் ஜாக்கிரதை: 18,000 போச்சு

18,000 போய்விட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். டர்ன்டேபிளுக்கு (ரெகார்டு பிளேயருக்கு) புது காட்ரிட்ஜ் (ஊசி பொருத்தியிருக்கும் சின்னப் பகுதி) மாற்ற நினைப்பவர்கள், அதிலும் "ஆளை வீட்டுக்கே அனுப்பி அலைன்மென்ட் செய்து தருகிறோம்" (ஊசியைச் சரியான இடத்தில், கோணத்தில் நிறுத்துவதுதான் அலைன்மென்ட்) என்ற விளம்பரத்தைப் பார்த்து ஆசைப்படுபவர்கள், தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் சொல்கிறேன்.

ஆன்லைனில் ஆடியோ சாமான் விற்கும் கடை அது. பெயர் வேண்டாம். காட்ரிட்ஜ், அதை ஹெட்ஷெல்லில் (ஊசியைத் தாங்கும் கையின் நுனித் தகட்டில்) பொருத்துவது, அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ். முழுப் பணத்தையும் முதலிலேயே கட்ட வேண்டும். புரொட்ராக்டர் (புள்ளியும் கோடும் போட்ட அளவு அட்டை) வைத்து ஊசி விழும் இடத்தைப் பார்ப்போம், டிஜிட்டல் தராசில் ஊசியின் அழுத்தத்தை அளப்போம் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். அந்த இரண்டு வரிக்காகத்தான் 18,000 கொடுத்தேன். காட்ரிட்ஜ் மட்டும் என்றால் அதில் பாதிகூட ஆகாது.

வந்தவர் கறுப்பு வெல்வெட் துணியை விரித்தார். குட்டி ஸ்க்ரூடிரைவர்களை வரிசையாக அடுக்கினார். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டார். ஊசிக்கு மேல் இருக்கும் மூடியைக் கழற்றாமலே, நான்கு ஒயரையும் ஒவ்வொன்றாக ட்வீஸரில் பிடித்து, நிறம் பார்த்துப் பின்னில் சொருகினார். கை நடுங்கவே இல்லை. தொழில் தெரிந்த ஆள் என்று அந்த இடத்தில் முழுசாக நம்பிவிட்டேன்.

அப்புறம் கவுன்டர்வெயிட்டை, அதாவது டோன் ஆர்ம் என்கிற அந்தக் கையின் பின்முனையில் இருக்கும் எடையை, திருகினார். டயலில் 2 வந்ததும், "பாருங்க சார், கரெக்டா ரெண்டு கிராம்" என்றார். தராசு எங்கே என்று கேட்டேன். "டயலே சொல்லுதே, தராசு எதுக்கு?" புரொட்ராக்டர்? "இருபது வருஷமா பண்றேன் சார், கண்ணே போதும்." ரெகார்டின் முதல் பாட்டைப் போட்டுக் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதல் பாட்டில் ஒன்றும் தெரியாது என்பது அந்த ஆளுக்கு நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். 33⅓ வேகத்தில் சுற்றும் 12 அங்குலத் தட்டின் வெளி ஓரத்தில், பள்ளம் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. ஓடும். உள்ளே லேபிள் பக்கம் வரும்போது அது 21 செ.மீ. அளவுக்கு இறங்கிவிடும். அதே ஒலி பாதிக்கும் குறைந்த நீளத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால், ஊசி கொஞ்சம் கோணலாக இருந்தாலும் கடைசிப் பாட்டில் தெரிந்துவிடும். எனக்கும் அங்கேதான் தெரிந்தது. பாட்டில் எங்கெல்லாம் 'ஸ' வருகிறதோ அங்கெல்லாம் குரல் கரகரவென்று கிழிந்தது.

போன் செய்தேன். "புது ஊசி சார், ஒரு ஐம்பது மணி நேரம் ஓடினா செட் ஆகிடும்." ஓட்டினேன். இன்னும் மோசமானது. "உங்க ரெகார்டு பழசா இருக்கும்." புதிதாகப் பிரித்த ரெகார்டிலும் அதே கதை. அடுத்து ஸ்பீக்கர் மேல் பழி, அதற்கடுத்து அறையின் மேல் பழி. பேசிக்கொண்டிருக்கும்போதே "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ் வருகிறது! கடைசியில் ஒரு பெண், "ஊசி தேய்மானப் பொருள், வாரன்டியில வராது. திருப்தின்னு நீங்கதானே சார் கையெழுத்து போட்டிருக்கீங்க" என்று வைத்துவிட்டார். 18,000 வாங்கிக்கொண்டு சொல்கிற பதிலா இது?

நண்பர் ஒருவர் தராசும் புரொட்ராக்டரும் கொண்டுவந்து பார்த்தார். பெட்டியிலிருந்த தாளில் 1.8 முதல் 2.2 கிராம் வரை என்று போட்டிருக்கிறது, தராசு 3.4 காட்டியது. காரணம் இதுதான்: முதலில் டோன் ஆர்ம் மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் அந்தரத்தில் மிதக்கும்படி கவுன்டர்வெயிட்டைச் சரிசெய்து, அந்த நிலையில் டயல் வளையத்தை 0-வில் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு திருகினால்தான் டயல் காட்டும் 2 உண்மையான 2. அந்த ஆள் மிதக்க விடவே இல்லை. காட்ரிட்ஜையும் ஹெட்ஷெல் துளையின் பின்கோடிக்குத் தள்ளி முறுக்கியிருக்கிறார். ஊசி விழ வேண்டிய இடத்துக்கு 4 மி.மீ. முன்னாலேயே நின்றுவிடுகிறது. அந்தப் புரொட்ராக்டரில் நடுத்தண்டிலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. என்ற இரண்டு புள்ளிகளிலும் காட்ரிட்ஜ் கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும். எங்களுடையது இரண்டிலும் நிற்கவில்லை.

இப்போது கான்டிலீவர் (ஊசி நுனியைத் தாங்கும் மெல்லிய கம்பி) ஒரு பக்கமாக வளைந்துவிட்டது. அதைவிட வயிறு எரிவது ரெகார்டுகளுக்காக. அந்த ஊசியில் ஓடியவற்றை நண்பர் வீட்டு டர்ன்டேபிளில் போட்டாலும் கடைசிப் பாட்டில் கரகரப்பு போகவில்லை. அது இனி சரியாகாது. 18,000-இல் இதெல்லாம் கணக்கில்கூட இல்லை.

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், கை ஓடவில்லை. இதையாவது செய்யுங்கள். முழுப் பணத்தை முன்னால் கட்டாதீர்கள். தராசில் வரும் எண்ணைக் கண்ணால் பார்த்துப் போட்டோ எடுக்காமல் ஆளை அனுப்பாதீர்கள். முதல் பாட்டைக் கேட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள், கடைசிப் பாட்டைப் போடச் சொல்லுங்கள். குரல் கிழிந்தால் அப்போதே ஊசியைத் தூக்கிவிடுங்கள். "ஓட ஓட சரியாகும்" என்று சொன்னால் ஓட்டாதீர்கள். காட்ரிட்ஜ் பெட்டியையும் உள்ளே இருக்கும் தாளையும் பத்திரமாக வையுங்கள், பணத்தைத் திருப்பிக் கேட்டால் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.