தாமிரபரணித் துளியைப் பார்க்க எந்த நுண்ணோக்கி?

நெல்லைக் குறுக்குத்துறைப் படித்துறையில் பாசியோடு அள்ளி வந்த ஒரு துளி நீருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க விரும்பும் மாணவருக்கு, கையைக் கடிக்காத விலையில் மூன்று வகைகள் உள்ளன: காகிதத்தை மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப், கணினியில் செருகும் யுஎஸ்பி நுண்ணோக்கி, பள்ளி ஆய்வகங்களில் காணும் கூட்டு நுண்ணோக்கி. பெட்டியின்மேல் ‘1200 மடங்கு’ என்று அச்சிட்டு விற்கும் பிளாஸ்டிக் பொம்மைகளை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும் உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப் 140 மடங்கு பெரிதாக்கும்; சுமார் 2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) இடைவெளியிலுள்ள புள்ளிகளைப் பிரித்துக் காட்டும். சட்டைப்பையில் வைத்துப் பாபநாசம் வரை கொண்டுபோகலாம். ஆனால் கண்ணோடு ஒட்டிப் பிடிக்க வேண்டியிருப்பதால், கை சற்று அசைந்தாலும் பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரி பார்வையை விட்டு நழுவிவிடும். பார்த்தபடியே படம் வரைவது மிகக் கடினம்.

யுஎஸ்பி வகை பொருளின்மேல் விழும் வெளிச்சத்தில் பார்ப்பது. நெற்பயிரின் புகையான், இலைப்பேன் போன்ற பூச்சிகளைக் காண உழவருக்கு இதுவே ஏற்றது. திரையில் படம் பெரிதாவதையே ‘1000 மடங்கு’ என்கிறார்கள்; நுணுக்கம் அதனால் கூடுவதில்லை.

எனவே, வெளிச்சத்தை ஊடுருவ விட்டுப் பார்க்க வேண்டிய நீர்த்துளிக்குக் கூட்டு நுண்ணோக்கியைத்தான் நான் சொல்வேன். 10 மடங்கு கண்ணருகு லென்ஸுடன் 4, 10, 40 என்ற பொருளருகு லென்ஸ்கள் சேரும்போது 40, 100, 400 மடங்கு கிடைக்கும். தரமான 40 மடங்கு பொருளருகு லென்ஸ் ஏறத்தாழ அரை மைக்ரான் வரை பிரித்துக் காட்டும். 100 மடங்கில் பாரமீசியம் செருப்பு வடிவில் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு நீந்துவது தெரியும். ஈருள்ளி (வெங்காயம்) தோலை உரித்து அயோடின் ஒரு சொட்டு விட்டால், 400 மடங்கில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் உட்கரு தெளிவாக நிற்கும். எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100 மடங்கு பொருளருகு லென்ஸுக்கு இப்போதே பணம் கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தை உலோக உடலுக்கும், காட்சியை நுணுக்கமாகத் தெளிவாக்கும் தனியான நுண்திருகுக்கும் கொடுப்பது நல்லது. கடையிலேயே 10 மடங்கு லென்ஸில் தெளிவாக்கிவிட்டு 40 மடங்கு லென்ஸுக்குத் திருப்பிப் பாருங்கள். காட்சி முற்றிலும் மறைந்துபோனால் வாங்காதீர்கள்.

மின்சாரமில்லா வேளையில், விளக்குக்குப் பதில் வெளிச்சத்தைத் திருப்பும் கண்ணாடி வைத்த வகை கைகொடுக்கும் என்றாலும், நெல்லை வெயிலை நேராக அதில் பிடித்தால் கண்ணுக்கே ஆபத்து என்பதால், மின்னேற்றம் செய்யும் எல்இடி விளக்குள்ளதே மேல். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரப்பெட்டிக்குள் பூட்டி வைத்து என் முதல் லென்ஸைப் பூஞ்சைக்குக் கொடுத்தவன் நான். இப்போது பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு கிடக்கும்.