கிஃப்ட்: ஜெர்மனில் விஷம், ஸ்வீடிஷில் கல்யாணமும்

ஆங்கிலத்தில் கிஃப்ட் என்றால் பரிசு. ஜெர்மன் புட்டியில் அதே எழுத்துகளைப் பார்த்தால் கிட்டப் போகாதீர்கள். அங்கே அது விஷம். ஸ்வீடிஷில் 'யிஃப்ட்' என்று உச்சரிப்பார்கள். விஷம் என்ற பொருள் அங்கும் உண்டு, கூடவே 'கல்யாணமானவர்' என்றும் பொருள்.

எல்லாவற்றுக்கும் வேர் 'கொடு'தான். ஜெர்மனிலும் முதலில் கொடை என்றுதான் இருந்தது. கிரேக்கத்தில் 'டோசிஸ்' என்றால் கொடுப்பது. கொடுக்கும் மருந்தளவுக்கும் அதுவே பெயர். அந்தச் சாயலில் விஷத்தை நாசூக்காகக் 'கொடுத்தது' என்று சொல்லப்போய், கடைசியில் பரிசு காணாமல் போனது. 'மிட்கிஃப்ட்' என்ற சொல்லில் மட்டும் பழைய வாசனை இருக்கிறது. அர்த்தம்? வரதட்சணை!

ஸ்வீடிஷில் கல்யாணப் பொருள் வந்தது பெண்ணைக் கொடுப்பதிலிருந்து. நாமும் 'பெண் கொடுத்த இடம்' என்கிறோமே, அதேதான். என்னைக் கேட்டால் இதுதான் சுவாரசியம்: விஷம் பெயர்ச்சொல், கல்யாணமானவர் பெயரடை, அதனால் குழப்பமே இல்லை. கிண்டலுக்கு மட்டும் பஞ்சமில்லை.

டச்சுக்காரர்கள் சாமர்த்தியசாலிகள். 'ட்' இருந்தால் பெரும்பாலும் பரிசு, உதிர்ந்தால் விஷம்.