வீட்டில் குழந்தையின் துடிப்பு கேட்கும் டாப்ளர்: வாங்கலாமா?

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். சொன்ன நாளில் வந்ததற்கு ஒன்று, பேட்டரி உழைப்பதற்கு ஒன்று.

தலைப்பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே தவறி, மறுபடி முழுகாமல் இருக்கும்போது, ராத்திரி தூக்கம் வராமல் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து இந்த விளம்பரம் கண்ணில் படும். 'தாய்க்கு நிம்மதி' என்று போட்டிருப்பார்கள். நூற்றுச் சொச்சம் வெள்ளி. மலேசியாவில், இப்போது பெஸ்தாரி ஜெயா என்கிற பத்தாங் பெர்ஜுந்தையில் எங்கள் தோட்டத்து வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

உள்ளங்கை அளவு கருவி, ஒரு ஒயர், வயிற்றில் வைக்க ஒரு முனை, கூடவே சின்ன ஜெல் பாட்டில். 12 வாரத்திலேயே கேட்கும் என்று அட்டையில் இருக்கிறது. எனக்கு நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, முன்பக்கம் இருப்பதாக ஸ்கேனில் சொல்லியிருந்தார்கள், அப்படி இருந்தால் சத்தம் அமுங்கித்தான் வருமாம், இதையெல்லாம் அட்டையில் யார் எழுதப்போகிறார்கள்? 12 வாரத்தில் ஒன்றுமே கேட்கவில்லை. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அந்த ராத்திரி எப்படிப் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அப்புறம் வயிறு தெரிய ஆரம்பித்ததும் கேட்டது. சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்காரர் செம்பனை மில்லில் நைட் ஷிப்ட் போய்விட்டால் நானும் இந்தப் பெட்டியும்தான், பத்து நிமிடம் கேட்டுவிட்டுப் படுத்தால் அரை மணியில் மறுபடி கை அதற்கே போகும். நிம்மதியெல்லாம் இல்லை, பழக்கமாகிவிட்டது.

ஒரு நாள் திரையில் 88 என்று காட்டியது. வயிற்றுப் பிள்ளைக்குப் பொதுவாக நிமிடத்துக்கு 110லிருந்து 160 துடிப்பு வரை இருக்க வேண்டும். கை நடுங்க, கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். விரலுக்கடியில் ஒரு துடிப்பு, ஸ்பீக்கரில் ஒரு சத்தம், இரண்டும் ஒன்றாகவே விழுகின்றன. கருவி எண்ணிக்கொண்டிருந்தது என் நாடியை! இதைவிட மோசம் இதன் மறுபக்கம்: பயந்துபோன தாயின் நாடி 110ஐச் சாதாரணமாகத் தாண்டும், அப்போது இந்தத் திரை 125 என்று காட்டினால் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று நாம் போர்த்திப் படுத்துவிடுவோம்.

கிளினிக்கில் மிஸ்ஸியும் (நர்ஸ்) டாப்ளர்தான் வைக்கிறார். ஆனால் முதலில் வயிற்றைத் தடவி, பிள்ளையின் முதுகு எந்தப் பக்கம் என்று பார்த்து, அங்கே முனையை வைத்து, இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறார். தாய் நாடி வேறு, பிள்ளைத் துடிப்பு வேறு என்று அப்போதுதான் நிச்சயமாகும். நஞ்சில் ரத்தம் ஓடும் 'உஷ் உஷ்' சத்தத்தையும் பிள்ளையின் துடிப்பு என்று நினைத்துவிடுவார்களாம். "அசைவு குறைஞ்சா பெட்டிய எடுக்காதம்மா, உடனே வா" என்றார்.

சும்மா பயமுறுத்தவில்லை. அசைவு குறைந்ததாகத் தோன்றிய ஒரு நிறைமாதப் பெண், வீட்டு டாப்ளரில் சத்தம் கேட்கிறதே என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்து பிள்ளையை இழந்ததை 2009ல் பிரிட்டனின் பிஎம்ஜே மருத்துவ இதழ் எழுதியது. அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் எஃப்டிஏ 2014லேயே இதை வீட்டில் சொந்தமாகப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. விற்கிறவர்கள் இதைப் பற்றி மூச்சுவிடுவதில்லை.

கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் பிங்க் புக்கோடு வரும் அசைவு அட்டைக்குக் காசே இல்லை. 28 வாரத்திலிருந்து, காலை 9 மணிக்கு ஆரம்பித்து, ராத்திரி 9க்குள் 10 அசைவு எண்ண வேண்டும். 10 வராவிட்டாலும், வழக்கத்தைவிடக் குறைந்தாலும் கிளம்பிவிட வேண்டியதுதான், அங்கே பிள்ளையின் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் சிடிஜி கருவியைப் போட்டுப் பார்ப்பார்கள். "சும்மா சும்மா வராதே" என்று என்னை இதுவரை யாரும் முகம் சுளிக்கவில்லை. வீட்டில் மாமியார்தான் "பழசையே நினைச்சுக்கிட்டு இருக்காதே, எல்லாம் நல்லா நடக்கும்" என்பார், நல்ல மனதோடுதான், ஆனால் பயம் வாய் வார்த்தைக்குப் போகிற சாமான் இல்லையே.

பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள், கொடுக்கவில்லை. விற்றவரிடம் திருப்பிக் கொடுக்கலாமா என்று எழுதினேன், ஜெல் பட்ட சாமானை எடுக்க மாட்டாராம்.