எஸ்க்யூஎல் சர்வரின் லாக் கோப்புப் பராமரிப்பு: ஒரு மதிப்பீடு

தரவுக் கோப்பு சில ஜிபி அளவிலேயே இருக்க, தரவில் நடக்கும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் லாக் கோப்பு மட்டும் அதைப்போலப் பல மடங்கு பெருத்து டிஸ்க்கை நிரப்பிவிடுவதுதான், மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் என்னும் தரவுத்தள மென்பொருளைப் பற்றி அடிக்கடி எழும் புகார். லாக்கைக் கையாளும் அடிப்படைப் பொறிமுறையில் குறையில்லை என்றும், அதன் இயல்பு அமைப்புகளே நிர்வாகியைச் சிக்கலில் விடுகின்றன என்றும் நான் கருதுகிறேன்.

புதிய தரவுத்தளம் ஒவ்வொன்றும் 'மாடல்' என்னும் முன்மாதிரியின் அமைப்புகளோடு உருவாகிறது. லாக் பதிவுகளை எதுவரை வைத்திருப்பது என்பதைத் தீர்மானிக்கும் ரெக்கவரி மாடல் என்ற அமைப்பு அதில் பொதுவாக 'ஃபுல்' என்றே இருக்கும். முதல் முழு பேக்கப் எடுக்கும் வரை லாக்கின் இடம் தானாகவே மறுபயன்பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். அதன் பிறகோ, தனியாக லாக் பேக்கப் எடுத்தாலொழியப் பழைய பதிவுகள் பிடித்த இடம் விடுபடாது. இரவுதோறும் முழு பேக்கப் ஓடுகிறது என்ற நம்பிக்கையில் இருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான், ஏனெனில் முழு பேக்கப்பை எத்தனை முறை எடுத்தாலும் லாக் காலியாகாது. லாக் பேக்கப்புக்கான அட்டவணையை மென்பொருள் தானாக அமைப்பதில்லை. கோப்பு வளர இடமின்றி 9002 என்ற பிழை தோன்றி, எழுதும் வேலைகள் அனைத்தும் நின்ற பிறகே பலருக்கு விஷயம் தெரியவருகிறது.

இதற்கு நேர்மாறாக, லாக்கின் இடம் விடுபடாத காரணத்தைக் கண்டறிய இந்த மென்பொருள் தரும் வசதியை மனமாரப் பாராட்டலாம். 'சிஸ்.டேட்டாபேசஸ்' பட்டியலில் 'லாக்_ரீயூஸ்_வெயிட்_டெஸ்க்' என்ற ஒரே ஒரு நெடுவரிசையைப் பார்த்தால் போதும். அங்கே 'லாக்_பேக்கப்' என்றிருந்தால் பேக்கப் எடுக்க வேண்டும். 'ஆக்டிவ்_ட்ரான்ஸாக்‌ஷன்' என்றிருந்தால் முடிவுறாத பரிவர்த்தனையை, அதாவது ஒன்றாகவே முடிய வேண்டிய மாற்றங்களின் தொகுப்பை, தேட வேண்டும். 'அவைலபிலிட்டி_ரெப்ளிகா' என்றிருந்தால் வேறொரு சர்வரில் உள்ள இரண்டாம் நிலை நகல் பின்தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமலேயே கோப்பைச் சுருக்கும் 'டிபிசிசி ஷ்ரிங்க்ஃபைல்' கட்டளைக்குத் தாவுவது வீண் வேலை. கோப்பின் கடைசியில் உள்ள, பயன்பாட்டில் இல்லாத பகுதிகளை மட்டுமே அது வெட்ட முடியும்; கடைசிப் பகுதி பயன்பாட்டில் இருந்தால், உள்ளே பெரும்பகுதி காலியாக இருந்தாலும் கோப்பு சிறுக்காது. லாக்கை அப்படியே கழித்துக்கட்டப் பலர் கையாண்ட 'ட்ரங்கேட்_ஒன்லி' தெரிவை 2008 பதிப்பில் நீக்கியது சரியான முடிவு. ஒன்றையடுத்து ஒன்றாகத் தொடரும் லாக் பேக்கப்புகளின் சங்கிலியை அறுத்து, குறிப்பிட்ட நேரத்துக்கு மீட்கும் வாய்ப்பையே அது இல்லாமல் செய்துவந்தது.

வளர்ச்சி அளவைப் பொறுத்தவரை முன்னேற்றம் தெரிகிறது. பழைய பதிப்புகளில் லாக் 10 சதவீதம் என்ற கணக்கில் வளர்ந்ததால், கோப்பு பெருகப் பெருக ஒவ்வொரு வளர்ச்சியும் கனத்துக்கொண்டே போனது. புதிதாகச் சேரும் இடம் முழுவதும் பூஜ்ஜியங்களால் நிரப்பப்படும் வரை எழுதும் வேலைகள் காத்துக் கிடந்தன. 2016 பதிப்பில் இது 64 எம்பி என்று மாறியது. 2022 பதிப்பிலோ, உரிய அனுமதி இருந்தால், 64 எம்பிக்கு மேற்படாத தானியங்கி வளர்ச்சி இந்த நிரப்புதல் இல்லாமலேயே நடக்கிறது. ஆயினும் சிறு சிறு அளவில் பலமுறை வளர்ந்த லாக், விஎல்எஃப் எனப்படும் உட்பகுதிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, சர்வரை மீண்டும் தொடங்கும்போது தரவுத்தளம் எழுவதையே தாமதப்படுத்தக்கூடும். ஆகவே தேவையான அளவை முன்கூட்டியே கணித்து ஒதுக்கிவிட்டு, தானாக வளர்வதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது.

2019 பதிப்பில் வந்த 'ஆக்சிலரேட்டட் டேட்டாபேஸ் ரெக்கவரி' என்னும் விரைவு மீட்பு வசதி, நீண்ட பரிவர்த்தனை ஓடிக்கொண்டிருக்கும்போதே லாக்கை விடுவிக்கிறது. இந்த மென்பொருளின் லாக் பராமரிப்பில் நான் மிக உயர்வாக மதிப்பது இதைத்தான். நம் சொந்த சர்வர்களில் இது இயல்பாக அணைந்தே இருக்கும்; இயக்கும் முன், மாற்றப்படும் வரிசைகளின் முந்தைய வடிவங்கள் தரவுத்தளத்துக்குள்ளேயே சேமிக்கப்படும் என்பதால் தரவுக் கோப்புக்குக் கூடுதல் இடம் ஒதுக்கிவிட வேண்டும்.